கடைசி ஆட்டம் ஏகாதசியில்

கூடைப்பந்து நெட்டைகளின் ஆட்டம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். நம் கல்லூரி 1959இல் பல்கலைக்கழகக் கோப்பையை வென்றபோது, கடைசிக் கூடையைப் போட்டவன் ஐந்தடி நாலங்குல ஆசாமி. அதாவது நான், ஸ்ரீனிவாசராகவன். பத்தாண்டு மலருக்கு அந்தப் பருவத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நினைத்தாலே எனக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை.

திருச்சிக்கே அந்த மாசியில் பைத்தியம் பிடித்திருந்தது. ஐந்து கல்லூரிகள், ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் மோத வேண்டும். ஒரு ஆட்டத்தில் தோற்றதும் பெட்டி கட்டுகிற பேச்சே கிடையாது. மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர் பிச்சமுத்து, தவில் கோஷ்டியோடு வந்துவிடுவார். யார் கூடை போட்டாலும் தவில் முழங்கும், எதிரணிக்கும் சேர்த்து. முதல் மூன்று ஆட்டங்களையும் நாங்கள் ஜெயித்தோம். நாங்கள் என்றால் மற்றவர்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

பந்தை முன்னே கொண்டுபோகிற இடம் என்னுடையது. அதில் சக்ரபாணி ஆடினான். ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பக்கத்து வீடு, உயிர் சிநேகிதன், தங்கமான பையன். எனக்கோ அது கடைசி வருஷம். ஒரு தடவையாவது களத்தில் இறங்காவிட்டால் செத்தே போய்விடுவேன் என்று தோன்றியது. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

தை மாதம் ஒரு பயிற்சியின்போது அவன் மயங்கி விழுந்தான். அன்று ஏகாதசி. அவர்கள் வீட்டில் ஏகாதசி என்றால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. நான்தான் ஜட்கா பிடித்து டாக்டர் அப்துல் சலாமிடம் கொண்டுபோனேன். அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, இவருக்கு இருதயம் பலவீனமா இருக்கு. சாப்பிடாம, தண்ணி குடிக்காம ஓடினா உயிருக்கே ஆபத்து. வீட்டுலயும் வாத்தியார்கிட்டயும் சொல்லிடுங்க."

நன்றாகத் தலையாட்டினேன். சக்ரபாணியிடம், "பித்தமாம்டா" என்றேன். அவன் அம்மா சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

அந்த வருஷம் போட்டியை நடத்தியது நம் கல்லூரி. ஆட்ட அட்டவணை போடுவது மாணவர் செயலாளரின் வேலை. செயலாளர் நான். பஞ்சாங்கமும் கையுமாக மூன்று நாள் உட்கார்ந்தேன். பத்து ஆட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டதில், பலமான எதிரியோடு எங்களுக்கு இருந்த கடைசி ஆட்டம் மாசி ஏகாதசியில் வந்து விழுந்தது. விழ வைத்தேன். விளையாட்டு ஆசிரியர் பிலோமின்ராஜ் சாருக்குத் திதி தெரியாது. "ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல எதுவும் இல்லையே?" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். சக்ரபாணிக்குத் தெரிந்தது. "ஏகாதசியாச்சேடா" என்றான். "ஏன், உன்னால முடியாதா?" என்றேன். ரோஷக்காரன், ஆட ஒத்துக்கொண்டான்.

சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில், எள் போட்டால் எள் விழாத கூட்டம். எனக்கு உள்ளூரக் குதியாட்டமாக இருந்தது. இரண்டாம் பாதியில் ஓய்வு கேட்டு எல்லோரும் ஓரத்துக்கு வந்தார்கள். மற்றவர்கள் பானைத் தண்ணீரைக் குடித்தார்கள். ஆசாரத்துக்காகச் சக்ரபாணி எப்போதும் என் கூஜாவில்தான் குடிப்பான். உதடு வெளுத்துப்போய் என்னிடம் வந்தான்.

"ராகவா, கொஞ்சம் தீர்த்தம் குடுடா. பெருமாள் மன்னிச்சுடுவார்."

கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. குதிகாலால் அதை பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஆறு நிமிஷம்தானேடா."

சரி என்று தலையசைத்துவிட்டுப் போனான். நாலு நிமிஷம் ஓடினான். பிறகு விழுந்தான். இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போக, நான் களத்தில் இறங்கினேன்.

அந்த இரண்டு நிமிஷத்தை எப்படிச் சொல்வேன். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். விசில் ஊதப்போகிற நேரத்தில் நான் எறிந்த பந்து வளையத்தை இரண்டு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. நாற்பத்தொன்றுக்கு நாற்பது. பிச்சமுத்துவின் தவில் கிழிந்தே போயிற்று. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சக்ரபாணி வழியிலேயே போய்விட்டான் என்று ஒருவர் ஓடிவந்து சொன்னதைத் தோளில் இருந்தபடிதான் கேட்டேன். இறங்க மனசு வரவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கமே அவன் வீட்டில் கூடியது. "ஏகாதசி மரணம், துவாதசி தகனம். யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?" என்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்து, "விரதம் பங்கமாகாம போயிட்டான்டா" என்றாள். எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை.

ஆகவே ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் சொன்னதை மறைத்தவன் நான். நாள் குறித்தவன் நான். கேட்ட தண்ணீரைத் தராதவன் நான். மலரில் தாராளமாகப் போடுங்கள். யோகிகளும் தவம் கிடந்து கேட்கிற சாவை அவனுக்குத் தேடிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பத்து வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை நன்றி வந்ததில்லை.