தவளைத் தோலில் மருந்து தேடியவருக்கு

எங்கள் ஆய்வகத்தின் அச்சாணியே! ஈரத் தோலின் இரகசியம் அறிந்தவரே! "ஆதாரம் எங்கே?" என்ற ஒற்றைக் கேள்வியால் எங்களை ஆட்டிப்படைத்த அன்புத் தலைவியே! 'இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை வென்றவரே' என்றும் முதலில் எழுதினோம். நீங்கள் சிவப்பு மையால் சுழிப்பீர்கள் என்று அஞ்சி நாங்களே அடித்துவிட்டோம்.

இருபத்தெட்டு ஆண்டுகள் தவளை அறையின் ஈர வாடையோடு வாழ்ந்தீர்கள். ஒரு தவளையையும் கொல்லாமல், தோலில் சுரப்பதை மட்டும் நீரில் கழுவி எடுத்து, அதிலிருந்து பெப்டைடு என்னும் புரதத் துணுக்கைப் பிரித்து, அதை நாமே செய்யும் வழியும் கண்டீர்கள். கணையச் செல்களை இன்சுலின் சுரக்க அது தூண்டும் என்று நம்பினீர்கள். வாசல் காவலர் முதல் உங்கள் நாத்தனார் வரை, சர்க்கரை உள்ள அத்தனை பேரும் கேட்டார்கள்: "மருந்து எப்பதான் வரும்?"

நீங்கள் சிரிப்பீர்கள்: "இன்னும் எலிக்கே வரல. உங்களுக்கு எங்கேருந்து வரும்?"

சென்ற ஆண்டு அந்தச் சிரிப்பும் நின்றது. செல்களுக்கு மருந்து விட்டோம், இன்சுலின் அசையவில்லை. மறுபடியும் அதே கதை. நீங்கள் ஓய்வு பெறுவதற்குள் எலியிடம் பலன் தெரியாவிட்டால் தவளை அறையைப் பூட்டிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. "விட்டுடலாம் மேடம், இது வேலைக்காகாது" என்றோம். நீங்கள் காலிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள்.

"மருந்து வேலை செய்யலங்கறீங்க. சரி. அது செல்லுக்குப் போய்ச் சேந்துச்சா? யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அளந்து பார்த்தால், பிளாஸ்டிக் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கிடந்தது நம் மருந்து! முதலில் வேறொரு புரதத்தைச் சுவரில் பூசச் சொன்னீர்கள். ஒட்ட இடமில்லாத மருந்து செல்லைச் சேர்ந்தது; இன்சுலின் ஏறியது; நாம் போட்ட கூச்சலுக்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்து திட்டிவிட்டுப் போனார்.

அடுத்து எலிகளிடம் போனோம். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்பு நீர் என்பது முடிவு வரும்வரை உங்களுக்கே தெரியக்கூடாது என்று விதி வைத்தவர் நீங்கள். முடிவு இன்று காலை வந்தது. இந்தப் பிரிவுபசார மேடைவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். மருந்து பெற்ற எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. உப்பு நீர் பெற்றவற்றுக்கு இறங்கவில்லை. இருவர் தனித்தனியே சரிபார்த்தோம். ஆதாரம் இந்த வாழ்த்து மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்புறம் ஒட்டியிருக்கிறது. தவளை அறை பூட்டப்படாது!

மனிதரை எட்ட இன்னும் நெடுந்தொலைவு உண்டு. அதை நாங்கள் நடப்போம். நீங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் இருந்து, ஒவ்வோர் அடிக்கும் எங்களிடம் ஆதாரம் கேளுங்கள். உங்கள் நாத்தனார் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இனி அவர் கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்:

எலிக்கு வந்துவிட்டது!

என்றும் உங்கள் கேள்விக்கு அஞ்சும்,
ஆய்வகப் பணியாளர்கள்