மீதியை நான் சொல்கிறேன்

இந்தத் தெருவில் பொறுமைசாலி யார் என்று கேட்டால் யோசிக்காமல் என்னைத்தான் கைகாட்டுவார்கள். நேற்று நீ வந்து இறங்கியதும் எதிர்வீட்டு அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்துக்க முடியாதும்மா." உனக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். அதனால்தான் காலையில் முதல் வேலையாக அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த அந்த அம்மாவைத் தேடிப் போய்விட்டாய். திரும்பி வந்து, "ஏன் சித்தப்பா அவங்களை நிறுத்துனீங்க?" என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. உட்கார், சொல்கிறேன். உன் அப்பாவும் அந்த நாற்காலியிலேயே இருக்கட்டும். இதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

நான் திக்குவாயன். நீ சின்னக் குழந்தையாக இருக்கும்போது என்னைப் போலவே பேசிக் காட்டுவாய், எல்லாரும் சிரிப்பார்கள். அதில் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ அப்பாவிடம் கற்றுக்கொண்டதுதானே. எங்கள் பெயின்ட் கடையில் அண்ணன் கல்லாவில், நான் உள்ளே வண்ணம் கலக்கிறவன். வந்தவர் என்னிடம் ஏதாவது கேட்பார். நான் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கல்லாவிலிருந்து பதிலை முடித்துவிடுவார். "நம்மாளு பழைய ரேடியோ. ஸ்டேஷன் கிடைக்க நேரமாகும்" என்பார். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால், ரோஷத்தைப் பார் என்று அதற்கு வேறு ஒரு சிரிப்பு கிளம்பும்.

பக்கத்து மருந்துக் கடையில் பில் போடும் பெண் ஒருத்தி இருந்தாள். தன் வீட்டுச் சுவருக்கு வெளிர்நீலம் கேட்டு வந்தவள், நான் சொல்லி முடிக்கும்வரை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தாள். என் வாழ்நாளில் அப்படிக் காத்திருந்த ஆள் அவள் ஒருத்திதான். அவளிடம் கேட்க வேண்டிய ஒரு வாக்கியத்தைப் பெயின்ட் டப்பாக்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். கூடப்பிறந்தவர் ஆயிற்றே என்று அண்ணனிடமும் சொல்லி வைத்தேன். அவள் அடுத்த முறை வந்தபோது ஆரம்பித்தேன். பாதிகூட வரவில்லை. கல்லாவிலிருந்து உன் அப்பா, "இவன் கேட்டு முடிக்கறதுக்குள்ள உனக்குப் பேரன் பேத்தி வந்துடும். கட்டிக்கறியான்னு கேக்கறான்மா" என்றார். கடை நிறைய ஆள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் கடைப்படி ஏறவில்லை. "உனக்கு உதவிதானேடா செஞ்சேன்" என்றார் அண்ணன். அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

உன் அம்மா போய்ச் சேர்ந்தபின் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. பயிற்சி கொடுத்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வார்த்தை வர எவ்வளவு நேரமானாலும் காத்திருங்க. நீங்க முடிச்சு வைக்காதீங்க. முடிச்சு வச்சா அவர் முயற்சியையே விட்டுடுவார். இந்தச் சில மாசத்தை விட்டா அப்புறம் கஷ்டம்." அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

நான் முடித்து வைத்தேன். அவ்வளவுதான். கை ஓங்கவில்லை, பட்டினி போடவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, தினமும் வெந்நீரில் குளியல். அவர் வாயைத் திறந்தால் மட்டும் மீதியை நான் சொல்லிவிடுவேன். கதவைத் திறக்கச் சொல்ல ஆரம்பிப்பார். "குளிருதா அண்ணா?" என்று நன்றாகச் சாத்துவேன். முதல் மாதமே 'தண்ணி' என்று முழுதாகச் சொன்னவர்தான். ஒருநாள் பயிற்சி அம்மாவுக்கு எதிரில் அண்ணன் தட்டுத்தடுமாறியபோது, "இவங்க வேண்டாம்னு சொல்றார்" என்றேன். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். "பாருங்க, எவ்வளவு கோபம் வருது" என்றேன். அந்த அம்மா வருத்தத்தோடு பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடும்போது போனை அவர் வாயருகே பிடித்தது நான்தான். உன் குரலைக் கேட்டதும் அழுவார், ஏதோ சொல்ல வருவார். "வேலையை விட்டுட்டு வராதேன்னு சொல்றார்மா" என்பேன். நீயும் வரவில்லை. இரண்டாவது வருஷம் அவர் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது.

ஒன்றைக் கவனித்தாயா? இவ்வளவு நேரமாகப் பேசுகிறேன், ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. அவருக்காகப் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான். நல்ல காரியத்துக்கு நல்லதுதான் நடக்கும்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பழிவாங்கல் என்று நீ சொல்லலாம். உன் அப்பா எனக்குச் செய்தது உதவி என்றால் நான் செய்ததும் உதவிதான். "நீங்க பேசாதீங்க, அப்பா சொல்லட்டும்" என்கிறாய். சரி, வாயை மூடிக்கொள்கிறேன். கையைப் பிடித்துக் கேள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திரு.

பார்த்தாயா, வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். கண் கலங்குகிறது, உதடு நடுங்குகிறது. போதும், பாவம், அவரைச் சிரமப்படுத்தாதே. மீதியை நான் சொல்கிறேன்.

என்னை மன்னித்துவிட்டாராம்.