டயர்மேல் தப்பில்லை

தார்ச்சாலையில் மட்டும் தினமும் ஓடுகிற பிக்கப்புக்கு மட் டயர் மாட்டுவது, வீட்டுக்குள் நடக்க கம்பூட்ஸ் வாங்குகிற மாதிரி. இதை நான் சொல்லவில்லை ஐயா, டயர் கடைக்காரர் சொன்னார். மாட்டுவதற்கு முன்னாலேயே சொன்னார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

"சார், இது சேத்துலயும் மணல்லயும் போறவங்களுக்கு. கட்டை கட்டையா இருக்கு பாருங்க, ரோட்டுல கத்தும். வண்டி உதறும். மழையில சட்டுனு நிக்காது. தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம் சார்."

"எவ்வளவு கத்தும்?"

"அம்பது தாண்டிட்டா, ஹாரன் அடிச்சா உங்களுக்கே கேக்காது."

அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். நான் நாலையும் மாட்டச் சொன்னேன்.

அண்ணன் இறந்த வழக்கை நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று தெரியும். முடிந்ததைக் கிளறுவது என் பழக்கமில்லை. ஆனால் போன வாரம் அண்ணி நேரே டயர் கடைக்குப் போய், பத்துப் பேர் பார்க்க, "என் வீட்டுக்காரரைக் கொன்னது உன் டயருய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு ஷட்டரை இறக்கியவர் இன்னும் ஏற்றவில்லை. சாப்பிடுவதும் இல்லையாம். ஒரு பாவமும் அறியாத மனிதர். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அநியாயம் பொறுக்காது. அதனால் வந்தேன்.

அண்ணனைப் பற்றியும் சொல்லவேண்டும். தங்கமான மனிதர். கிண்டலாகச் சொல்லவில்லை. அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு இருபத்து மூன்று. என்னைப் படிக்கவைத்தார். பைப் கடை போட்டதும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். டபுள் கேபின் பிக்கப் வாங்கியதும் சாவியை என் கையில் கொடுத்தார். கொடுத்த கையோடு பக்கத்து சீட்டில் ஏறிப் பேச ஆரம்பித்தவர், பதினாறு வருஷம் பேசினார்.

"கிளச்சு மேல கால வச்சுக்கிட்டே ஓட்டாதடா." "மூணுல போடு." "அவன் வர்றான் பாரு, உனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?" பச்சை விளக்கு விழுந்தால் "பச்சை" என்பார். சிவப்பு விழுந்தால் "சிவப்பு". எனக்கும் நிறம் தெரியும்ண்ணே என்று ஒருமுறை சொன்னேன். "தெரியும்டா, உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்றார். உண்மையாகவே என் நல்லதுக்குத்தான் சொன்னார். என்னுடைய சிரமமே அதில்தான்.

முப்பத்தொரு வயதில் எனக்கு ஒரு பெண்ணைப் பேசினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்த மாதிரிதான் இருந்தது. அண்ணன் அவளுடைய அப்பாவைத் தனியே அழைத்துப்போய், "தம்பி ரொம்ப நல்லவன், பொறுப்புதான் பத்தாது, நாளைக்கு என்மேல பழி வரக்கூடாது பாருங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள். அவர்கள் அப்புறம் வரவில்லை. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. எழுதுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் வந்தது. அறுத்து எடுத்து, கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். மூச்சு அந்த வழியாகத்தான். பேசவேண்டுமென்றால் குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் பஞ்சரான டியூபிலிருந்து வருகிற மாதிரி ஒரு குசுகுசுப்புதான் வரும். அதன்பிறகு முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு. ஞாயிறு தவிர தினமும் அழைத்துப்போக வேண்டும். சீட் பெல்ட் கழுத்தில் உரசியதால் பின்சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்தோம்.

இனி வண்டியில் கொஞ்சம் அமைதி இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் தெருமுனைகூடத் திரும்பவில்லை, பின்னாலிருந்து வந்தது: "மூணுல போடு."

சத்தமாகப் பேசுகிறவரிடமிருந்து ஒதுங்கிக்கொள்ளலாம். குசுகுசுப்பை நாமே காதைத் தீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வார்த்தை தவறினால் "என்னண்ணே?" என்று நாமே கேட்டு, நாமே திட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மறுநாள்தான் டயர் கடைக்குப் போனேன். அவரைக் கேட்காமல் என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் பொருள் அந்த நான்கு டயர்கள்.

எங்கள் பைப் கடைக்கு வருகிற பிளம்பர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் காட்டுக்குண்ணே கிளம்பிட்டீங்க?" என்றார். "ஆஸ்பத்திரிக்கு" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டயர் சொன்ன சொல் தவறவில்லை. ஐம்பதில் முனகும், அறுபதில் ஓங்காரமிடும். கண்ணாடியில் அண்ணன் விரலைக் குழாயில் வைப்பார், உதடு அசையும், எனக்கு எதுவும் வராது. முன்சீட்டின் முதுகில் காலால் தட்டிப் பார்த்தார். இந்த டயரில் சீட் எப்போதும் உதைத்துக்கொண்டேதான் இருக்கும், இவர் உதை எது, டயர் உதை எது என்று எப்படிப் பிரிப்பது? பிறகு ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுவந்தார். 'டயரை மாற்று' என்று பெரிய எழுத்தில் எழுதி என் தோள்பக்கம் நீட்டினார்.

"ஓட்டறப்போ எதையும் படிக்கக்கூடாதுன்னு நீதானேண்ணே சொல்லுவே" என்றேன்.

அண்ணி முதல் இரண்டு வாரம் கூடவே வந்தார். வண்டி உதறிய உதறலில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "நீங்க இருக்கீங்களே தம்பி, அப்புறம் எனக்கென்ன கவலை" என்று நின்றுவிட்டார். நான் அவரை வரவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

குழாய் விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் உண்டு. சளி உறைந்து அடைத்துக்கொண்டால் உள்குழாயை மட்டும் திருகி உருவிவிட வேண்டும். நர்ஸ் அண்ணியையும் என்னையும் உட்காரவைத்துப் பழக்கினார். "பத்து செகண்ட் வேலை. ஆனா உடனே செய்யணும், கொஞ்ச நேரம் விட்டாலும் ஆள் தாங்க மாட்டாரு." அண்ணனுக்குக் கை நடுக்கம், தானாக உருவிக்கொள்ள முடியாது. அண்ணி மூன்று தடவை தடுமாறினார். நான் முதல் தடவையிலேயே செய்துவிட்டேன். "உங்க தம்பிக்கு நல்ல கை" என்று நர்ஸ் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் விரலை வைத்து, "அவசரப்படுவான்" என்றார்.

இருபத்தொன்பதாவது நாள் அவர் இறந்தார். அறுபதில் வந்தேன், டயர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன் என்று உங்களிடம் எழுதிக்கொடுத்தேன். நீங்கள் கடமை தவறாதவர். என் வார்த்தையை நம்பாமல் வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போய்ச் சோதித்தீர்கள். ஏட்டையா பின்னால் உட்கார்ந்து இருமினார், உதைத்தார், கடைசியில் கிடைத்த வாய்ப்பை விடாமல் உங்களையே நாலு வார்த்தை திட்டினாராம். ஓட்டிக்கொண்டிருந்த உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிக் காதைத் தேய்த்துக்கொண்டே, "இது வண்டியா, மாவு மில்லாய்யா?" என்றீர்கள். அன்றைக்கே டயர்மேல் பழி விழுந்துவிட்டது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மனசு விட்டுடாதீங்க தம்பி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அழுதார்.

எல்லோரும் டயர் எவ்வளவு கத்தும் என்றுதான் விசாரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உருளாத டயர் கத்தாது என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த இருபத்தொன்பதாவது நாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பால் வண்டி, பின்னால் யாருமில்லை. எஞ்சினை அணைத்தேன். வெயிலுக்காக அண்ணி பின்கண்ணாடிகளில் துண்டு தொங்கவிட்டிருந்தார், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. வண்டிக்குள் அவ்வளவு அமைதி. பால் வண்டிக்காரர் பீடி பற்றவைத்த தீக்குச்சி உரசல்கூடக் கேட்டது.

பின்னாலிருந்து முதலில் ஒரு இருமல். ஈரமான இருமல். அப்புறம் மெல்லிய விசில் மாதிரி ஒன்று. அது என்ன சத்தம் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். என் சீட்டின் முதுகில் உதை விழுந்தது. நின்ற வண்டியில் விழுகிற உதை நன்றாகத் தெரிகிறது ஐயா, முதுகெலும்பில் எந்த இடம் என்றுகூடச் சொல்லலாம்.

கண்ணாடியில் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்மேல் விரலை வைத்தார். பேசுவதற்குக் காற்று இல்லை. திரும்பிக் கையை நீட்டினால் எட்டுகிற தூரம்தான், இறங்கக்கூட வேண்டாம். நான் எதுவும் செய்யவில்லை. அவருக்கு என் கையால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

சரக்கு ரயில் வந்தது. பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு. கடைசிப் பெட்டி கடக்கும்போதும் உதை வந்துகொண்டுதான் இருந்தது, இடைவெளி மட்டும் நீண்டிருந்தது. கேட் ஏறியது. பால் வண்டி நகர்ந்தது. நானும் எடுத்தேன். இருபது, நாற்பது, அறுபது.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. பழைய வாக்குமூலத்தில் அந்த ஒரு வரி உண்மைதான் ஐயா, அதை மட்டும் அடிக்க வேண்டாம்.