மேட்டுலைனுக்கு வராத குழாய்

"…பால்ல தண்ணி ஊத்துறேனாம். மூஞ்சிக்கு நேரா சொல்றா தம்பி, அந்தக் கிளார்க்கு வீட்டம்மா. நான் கேட்டேன், ஏம்மா, ஊத்துறதுக்கு இங்க தண்ணி எங்கம்மா இருக்கு? பள்ளத்துக் கெணத்துல மொண்டு, டின்ன தலையில வச்சு மேடு ஏறி வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு மாடு கறந்துருவேன். நம்ம லைன்ல வெல கூடுன சரக்கே தண்ணிதான். அத எவளாவது பால்ல கலப்பாளா? கலந்தா பால் வெலய ஏத்தணும்ல…"

பாம்பூஃப்ளாட் துறையை விட்டு ஃபெரி அப்போதுதான் விலகியிருந்தது. நீலாவதி காலுக்கடியில் தவிட்டு மூட்டையைத் தள்ளி வைத்துக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி பேசிக்கொண்டே இருந்தாள். தங்கச்சி வீட்டில் தவிடு வாங்க அக்கரைக்கு வந்தவள், திரும்பும் படகில் தன் வார்டு மெம்பர் தனியாகக் கிடைப்பார் என்று நினைத்திருக்கவில்லை. கிடைத்ததை விடுவதாகவும் இல்லை.

மெம்பர் பக்தவத்சலம் தையல்காரர். போர்ட் பிளேரில் மேட்டுலைன் என்ற குடியிருப்புக்குக் கீழே, ரோட்டோரத்தில் ஒரு மிஷினும் ஒரு பெஞ்சும் போட்டுப் பிழைக்கிறவர். அன்று காலையில் முதல் ஃபெரியிலேயே அக்கரைக்குப் போய்க் காய்ச்சலில் கிடந்த ஓவர்சியரைப் பார்த்துவிட்டு வருகிறார். மேட்டுலைனுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர அளந்து நட்ட முளைக்குச்சிகளை யாரோ பிடுங்கிவிட்டார்கள், சனங்களுக்குக் குழாய் வேண்டாம் போலிருக்கிறது என்று பைலில் எழுதியாகிவிட்டது, மதியம் மூன்று மணிக் கூட்டத்தில் அந்தப் பைப்பை வேறு வார்டுக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். குச்சியைப் பிடுங்கியது யார் என்று நீலாவதிக்குத் தெரியாமல் இருக்காது. கேட்க வேண்டும். அவளுடைய பேச்சில் ஓர் இடைவெளி விழுந்தால் போதும்.

"அக்கா, ஒரு விஷயம்…"

"விஷயந்தான் தம்பி சொல்லிட்டு இருக்கேன். நான் இந்தத் தீவுக்கு வந்து எறங்குனப்ப முனிசிபாலிட்டியாவது ஒண்ணாவது. மேல ஒரு சாப்பு இருப்பாரு. கமிஷனர் சாப்பு. வெள்ளக்காரன் போயி அஞ்சாறு வருசம் ஆயிருச்சு, அவன் ஒக்காந்த நாக்காலி மட்டும் சூடு ஆறல. சாயங்காலம் ஆனா சாப்பு நடக்க வருவாரு. எங்க வீட்டுக்காரரு கூலி வேல முடிச்சு மம்பட்டியோட ஓரமா நின்னு ஒரு சலாம் போட்டாரு. 'சாப், பானி நஹி'ன்னாரு, தண்ணி இல்லைன்னு. அவருக்குத் தெரிஞ்ச இந்தியே அம்புட்டுத்தான். மறுநாள் கெணத்துக்குக் கல்லு வந்து எறங்கிருச்சு தம்பி. ஓட்டு இல்ல, மெம்பரு இல்ல, கூட்டம் இல்ல. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பள்ளத்துக் கெணத்துலதான நாம மொண்டுட்டுக் கெடக்கோம்?"

அவர் தலையசைத்தார்.

"நல்ல காலம்னு சொல்ல வரல. அதே சாப்புதான் இன்னொரு நாளு கைத்தடிய நீட்டி 'இதர் சே ஹடாவ்'ன்னாரு. எங்க குடிசய அப்பிடியே பேத்து எடுத்துட்டுப் போங்கங்கிறாரு. கீத்தையும் கம்பையும் தூக்கிக்கிட்டுத்தான் மேட்டுக்கு ஏறுனோம். கெணறு குடுத்ததும் ஒரு வார்த்த, வீட்டப் புடுங்குனதும் ஒரு வார்த்த. அன்னியில இருந்து எவனாவது சட்டப் பையில பென்சில சொருகிட்டு வந்தாலே நான் கீத்தையும் கம்பையும் எண்ண ஆரம்பிச்சிருவேன்."

படகு பாதி வழிக்கு வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்து பெஞ்சில் இருந்த வங்காளிக் கிழவர் ஒருவர் கூடையின் மேல் கை வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பக்தவத்சலத்துக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"தண்ணி வேணுமா? இந்தா, தங்கச்சி குடுத்துவிட்ட மோரு இருக்கு, குடி. குடிச்சுட்டுக் கேளு. அப்புறம் ஓட்டு வந்துச்சு. நமக்கும் ஒரு மெம்பரு, நாமளே பாத்து வச்சுக்கலாம்னாய்ங்க. கான்ட்ராக்டர் சண்முகம் நின்னாரு. நம்மாளுன்னு குத்துனோம். அவரும் சும்மா சொல்லக் கூடாது, செயிச்ச கையோட மேட்டுல ஒரு குழாய நட்டாரு. சிமிட்டி மேடை கட்டி, மால போட்டு, போலீஸ் பேண்டு வாசிச்சு, குழாயத் தொறந்தாரு. காத்து வந்துச்சு. 'பைப்பு அடுத்த கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வருது, குழாய் மட்டும் முந்திருச்சு'ன்னாரு. எத்தன கப்பலு வந்துச்சு, எத்தன கப்பலு போச்சு. நான் அதுல கன்னுக்குட்டியக் கட்டிப் போடுறேன். நல்லாக் கெட்டியாத்தான் நட்டுருக்காரு, அதுல கொற சொல்ல முடியாது."

"அக்கா, அந்தப் பைப்பைப் பத்தித்தான்…"

"இரு, அடுத்து வந்த மெம்பரு ஜெயமணிய விட்டுட்டேன் பாரு. அவரு வாயி இருக்கே. இந்தியில பேசுனா வங்காளி தலையாட்டுவான், தெலுங்குல பேசுனா அவிங்க கை தட்டுவாய்ங்க, தமிழ்ல பேசுனா நமக்கே பாதி புரியாது, அம்புட்டு அழகு. முனிசிபாலிட்டிக் கூட்டத்துல இவரு எந்திரிச்சாருன்னா மத்த மெம்பருங்க வெளிய போயி டீ குடிச்சிட்டு, வெத்தல போட்டுட்டுத் திரும்பி வருவாய்ங்களாம். அப்பவும் பேசிட்டு இருப்பாராம். டீ குடிக்கப் போனவய்ங்க போன எடத்துலயே இஞ்சினியரப் புடிச்சு அவிங்கவிங்க வார்டுக்குப் பைப்ப எழுதி வாங்கிட்டாய்ங்க. இவரு பேசுன பேச்சுக்கு நமக்குக் கெடச்சது என்ன? தொண்ட கட்டுனதுக்குக் கசாயம் வைக்க எங்கிட்ட வந்து பாலு கேட்டாரு, ஓசியில."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பக்தவத்சலமும் சிரித்தார்.

"அப்பத்தான நான் சொன்னேன். ரேஷன் கட வாசல்ல கூடி நின்னோமே, ஞாபகம் இருக்கா? வங்காளி அவிங்காளு வேணுங்கிறான், மலையாளத்தான் அவிங்காளு வேணுங்கிறான், நம்மாளுகளே ரெண்டு கட்சி. நாந்தான் குறுக்க பூந்து சொன்னேன், பேசுறவன் எவனும் வேணாம், நம்ம டெய்லரு தம்பிய நிறுத்துவோம்னு. எல்லாருக்கும் சட்ட தைக்கிறான், ஒருத்தனுக்கும் அளவு கொறச்சதில்ல, எந்நேரமும் வாயில குண்டூசி. குண்டூசியக் கடிச்சிட்டு இருக்கவன் எப்பிடிப் பொய் சொல்லுவான்னேன். கூட்டமே சிரிச்சிருச்சு. எதுத்து ஒருத்தன் நிக்கலையே."

அது உண்மைதான். மாலை போட்ட அன்றுகூட பக்தவத்சலம் கும்பிட்டார், அவ்வளவே. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் எழுந்து நின்றதில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். மற்றவர்கள் சண்டை போடும்போது அவரவர் காலர் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிசிறு தெரிந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

"ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ வந்தும் ஒண்ணும் நடக்கல. பேசுனவரும் தண்ணி கொண்டுவரல, பேசாத நீயும் தண்ணி கொண்டுவரல. ஏதோ நாங்க பொம்பளைங்க முழிச்சுக்கிட்டு இருக்கோம், மேட்டுலைன் அப்பிடியே நிக்கிது. இல்லாட்டி போன மழைக்கு முந்தியே நம்மள வாரித் தொடச்சிருப்பாய்ங்க. ஒனக்கு அந்தக் கத தெரியாதுல்ல?"

"எந்தக் கதை?"

"நாலு பேரு ஜீப்புல வந்தாய்ங்க. ஒருத்தன் முக்காலி மேல பொட்டிய வச்சு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாக்குறான். இன்னொருத்தன் சங்கிலியப் புடிச்சு இழுக்குறான். ரோட்டுல இருந்து மேடு வரைக்கும் செவப்புப் பெயிண்டு அடிச்ச முளக்குச்சி. வரிசையா அடிச்சுக்கிட்டே வாறாய்ங்க. ஒண்ணு எங்க அடிச்சாய்ங்கங்கிற? என் மாட்டுக் கொட்டகைக்குள்ள, செவலைக்குப் பக்கத்துல. க்யா ஹை சாப்னு கேட்டேன். 'ஆர்டர் ஹை'ங்கிறான். ஆர்டருன்னா என்னத்த? இடிக்கிறதுதான? எத்தன தடவ பாத்திருக்கோம். ஜீப்பு அந்தப் பக்கம் எறங்குச்சு, நானும் பக்கத்து வீட்டு ருக்குவும் விசாலாட்சியும் சேலைய இழுத்துச் சொருகிட்டுப் புடுங்க ஆரம்பிச்சோம். ஒரு குச்சி விடல. ஒரு மாசம் மாட்டுக்குப் பருத்திக்கொட்ட வேகவச்சேன் தம்பி அதுல. காஞ்ச படாக்கு மரம். என்னமா நின்னு எரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு பய மேட்டுப் பக்கம் தலவச்சுப் படுக்கலையே. நம்ம மேட்ட நான் காப்பாத்துனதுக்கு யாரு எனக்கு மால போட்டா?"

இடைவெளி விழுந்தது. படகேறியதிலிருந்து அவர் காத்திருந்த இடைவெளி அதுதான். ஆனால் பக்தவத்சலம் கடலைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், கடைசியில் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, அது இடிக்க நட்டது இல்ல. பைப்புப் போறதுக்கு நட்டது."

"எது?"

"அந்தக் குச்சிதான். கொட்டகைக்குள்ள நட்டாங்களே, அங்க வந்து திரும்பித்தான் மேட்டுக்குழாய்க்குப் போகணும். பிடுங்கிட்டதால சனங்களுக்கு இஷ்டமில்லன்னு எழுதிட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு அந்தப் பைப்பை வேற வார்டுக்குக் குடுக்கறாங்க."

இஞ்சின் சத்தம் கேட்டது. இதுவரையும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீலாவதி தவிட்டு மூட்டையின் கட்டை அவிழ்த்து, அவிழ்த்த கட்டையே மறுபடி கட்டினாள். எதிர்க்கரைச் சாத்தம் மரமில்லின் மரத்தூள் வாடை காற்றில் வர ஆரம்பித்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"பிடுங்கினது இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

"அதக் கேக்கல. பைப்புக்கு நட்ட குச்சின்னு எப்பத் தெரியும்?"

குச்சி நடுவதற்கு முந்தின வாரமே கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். மெம்பர் போய்த் தன் ஆட்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தலைவர் இந்தியில் இரண்டு முறை சொன்னார். பக்தவத்சலம் இரண்டு முறையும் தலையாட்டினார். பண்டிகைத் தையல் நேரம். வீடு வீடாக ஏறிப் போய்ச் சொல்வதை நினைத்தபோதே நாக்கு உலர்ந்தது. குச்சி நட்டால் தெரிந்துகொள்ள மாட்டார்களா என்று இருந்துவிட்டார்.

"முந்தியே தெரியும்," என்றார்.

"முந்தியேவா? என் கொட்டக வாசலத் தாண்டித்தான தெனம் கடைக்கு எறங்குற? 'அக்கா, பைப்பு வருது'. மூணு சொல்லு. வாயில குண்டூசி இருந்தாலும் அதச் சொல்லலாமே தம்பி."

"நீங்கதானேக்கா பேசாத ஆள் வேணும்னீங்க."

"பொய் பேசாத ஆளுன்னு நெனச்சேன். இது வேற வியாதியா இருக்கு."

படகு துறையில் இடித்து நின்றது. சனம் எழுந்தது. வங்காளிக் கிழவர் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நீலாவதி மூட்டையைத் தூக்க, பக்தவத்சலம் ஒரு கை கொடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"மூணு மணிக்குத்தான கூட்டம்? நான் வாறேன். வந்து நானே சொல்றேன்."

"மெம்பர் இல்லாதவங்க உள்ள பேசக் கூடாதுக்கா."

"உள்ள யாரு பேசப் போறா? சன்னலு இருக்குல்ல? வெளிய நின்னு பேசுறேன். ருக்குவையும் விசாலாட்சியையும் கூட்டிட்டு வாறேன், அவளுகளும் புடுங்குனவளுகதான?"

பக்தவத்சலத்துக்கு அந்த ஜன்னல் கண்முன் வந்தது. அதற்கு வெளியே மூன்று பெண்கள், உள்ளே காலரைத் தடவிக்கொண்டிருக்கும் தலைவர். நீலாவதி சாப்பு காலத்தில் ஆரம்பித்தால் குழாய்க்கு வந்து சேர்வதற்குள் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

"வேணாம். நான் பேசறேன்," என்றார்.

அவள் நடையை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? என்ன பேசுவ? எங்க, இங்க சொல்லு பாப்போம்."

துறையில் ஆட்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனார்கள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கூட்டத்தில் சொல்வதாக இருந்தால் இந்தியில்தான் சொல்ல வேண்டும். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "உன்கோ மாலூம் நஹி தா. ஹம் நஹி போலா." அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்கா."

"சரி, அதையே சத்தமாச் சொல்லு. சொல்லிட்டு ஒக்காந்துறாத, நின்னுக்கிட்டே இரு. பைப்பு எங்களுக்குன்னு சொல்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இரு. நான் சன்னலுக்கு வெளியதான் இருப்பேன், வாயத் தொறக்க மாட்டேன்…" இடுப்பில் மூட்டையை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாதையில் திரும்பினாள். "நீ ஒக்காந்தாத் தொறப்பேன்."

பக்தவத்சலம் கடைக்குப் போகாமல் நேராக முனிசிபாலிட்டி இருக்கும் பஜார் பக்கம் நடந்தார். மூன்று மணிக்கு இன்னும் நேரம் கிடந்தது. நடக்க நடக்க உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஹம் நஹி போலா. ஹம் நஹி போலா.