காஸ்பர் சார் போட்ட பத்து சதவீதம்

— ஸ்வீட் டப்பாவை அந்தப் பக்கம் வைங்க அய்யாதுரை அண்ணாச்சி. முதல்ல சொல்லுங்க, அந்த அடையார் ஃப்ளாட் பத்திரத்துல கையெழுத்து போட்டாச்சா?

— நேத்தே ஆயிட்டு காஸ்பர் சார்வாள். அதான் ஜாங்கிரி. ஒண்ணு எடுத்துக்கிடுங்க.

— ஐயோ ஆண்டவரே! நேத்தேவா?

— ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? காத்தாடி ஓடத்தானே செய்யுது.

— போன மாசம் ஒரு வாடகை ஷீட் கொடுத்தேன் இல்லையா, அது எங்கே?

— பத்திரமா லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். பக்கத்துக்குப் பக்கம் ‘காஸ்பர், எம்.எஸ்சி., பி.எட்.’னு கையெழுத்து வேற.

— கிழிச்சுப் போட்டுடுங்க.

— லேமினேட் பண்ணினதை எப்படிக் கிழிக்க?

— விளையாடாதீங்க. அந்த பில்டிங்ல என் ஃப்ளாட் எண்பது லட்சம். வருமானம் வருஷத்துக்குப் பத்து சதவீதம், லோன் வட்டி ஒன்பது, பேங்க் காசுலயே நமக்கு ஒரு சதவீதம் மிச்சம்னு சொன்னேனா?

— சர்ச் ஹால்ல மைக்குப் பிடிச்சுல்லா சொன்னிய! கைதட்டு அடங்க அஞ்சு நிமிசம் ஆச்சு.

— இன்னைக்குக் காலையில எங்க வீட்டம்மா நோரா அந்த ஷீட்டைப் பாத்தா. டிராயிங் டீச்சர், கணக்கே வராது. ‘வாடகை மாசம் இருபத்தஞ்சாயிரம்தானே, பத்து சதவீதம் எப்படிங்க?’ன்னா. வாடகையை மட்டும் பாத்தா நாலு சதவீதம்கூடத் தேறல, அண்ணாச்சி.

— மிச்சம் எங்கேருந்து வந்துச்சாம்?

— அட்வான்ஸ்.

— பத்து மாச அட்வான்ஸா? அது குடியிருக்கவங்க பணம்லா?

— வாங்கினதை வரவுல ஏத்தினேன். காலி பண்ணும்போது திருப்பிக் கொடுத்ததை எங்கேயும் ஏத்தல.

— எத்தன பேரு மாறினாங்க?

— ரெண்டு வருஷத்துல நாலு பேர். தண்ணி அப்படி. துணி துவைச்சா விறைச்சு நிக்குது. கடைசியா இருந்த மெஹக், தலைமுடி கொட்டுதுன்னு அழுதுட்டே போச்சு.

— அப்போ ஆளு ஓட ஓட ஒங்க சதவீதம் ஏறும்?

— ஏறுச்சு. நிர்வாகத் திறமைன்னு நினைச்சேன்.

— முப்பது வருசம் கணக்கு வாத்தியாரு!

— குத்துங்க, நல்லா குத்துங்க. வீடு இப்ப மூணு மாசமா காலி. மெஹக்கோட அட்வான்ஸை என் பென்ஷன்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுத்திட்டிருக்கேன். அதுகூடப் பரவால்ல. நீங்க ரங்கநாதன் தெருக் கடையை அடமானம் வெச்சு மூணாவது மாடியை வாங்கிட்டீங்களே! உங்க வீட்டம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

— கடை கடையாத்தான் இருக்கு சார்வாள். நான் வாங்கல.

— கையெழுத்து போட்டேன்னீங்களே?

— போட்டேன். விக்கவன் போடுத இடத்துல.

— என்னது?

— அந்த மூணாவது மாடி ஆறு வருசமா எம்பேர்லதான் கெடக்கு. உப்புத் தண்ணிக்குப் பயந்து ஒருத்தனும் வாங்கல. வாங்கப்போறேன்னு பொய் சொல்லி ஒங்ககிட்ட ஷீட்டை வாங்கி, பாக்க வந்தவுகளுக்கெல்லாம் காட்டினேன். அட்வான்ஸ் சங்கதி அன்னைக்கே கண்ணுல பட்டுச்சு. துணி யாவாரிக்கு வரவு எது, கடன் எதுன்னு தெரியாதா?

— அடப்பாவி! தெரிஞ்சேவா?

— மனசு உறுத்துது. அதான் ஓடியாந்தேன்.

— சரி, விடுங்க. காலையிலேர்ந்து ஒரு வாய் காப்பி இறங்கல எனக்கு. இப்பதான் நெஞ்சு லேசாச்சு. நீங்க மாட்டல, அது போதும். மாட்டினது யாரோ ஒரு முட்டாள்.

— அப்படிச் சொல்லாதிய.

— பேரம்கூடப் பேசியிருக்க மாட்டான் பாருங்க.

— பேசல. ஒங்க கையெழுத்தைப் பாத்ததும், ‘இவரு போட்டா தப்பாது’ன்னுட்டாங்க. இருபது வருச லோனு.

— அப்போ என்கிட்ட படிச்ச பசங்கதான். பாத்தீங்களா, இன்னும் மரியாதை இருக்கு! எடுங்க அந்த டப்பாவை, ஒரு ஜாங்கிரி சாப்பிடறேன்.

— பணம் கைமாறின பொறவுதான் வீட்டை வாங்கின பொண்ணு சொல்லிச்சு, ‘அப்பா பொறந்தநாளன்னைக்குச் சாவியைக் காட்டப் போறேன்’னு... அந்த ஜாங்கிரி நான் வாங்கினதில்ல சார்வாள், ஒங்க மக டீனா கொடுத்தது.