பேர் போடாத வரி

இல்ல சார், கனடான்னு சொன்னீங்கள்ல, அதான் கேட்டேன். எந்தப் பக்கம்? டொரண்டோவா. அப்ப ஓட்டும் உங்களுக்கு அங்கதான? சரி, உங்ககிட்டயே கேட்டுருதேன். கொரோனா வந்த வருஷம் உங்க மாகாணத்துத் தலைவருங்க டிவியில வந்து, முதியோர் இல்லத்தச் சுத்தி இரும்பு வளையம் போடுதோம்னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? எங்க சார் அந்த வளையம்? யாரு பாத்தா அத?

பெட்டி ரெண்டும் டிக்கியில இருக்கு, பதறாதீங்க. நீங்க ஏறுன மின்னி பேலருந்து ஏர்போர்ட் ஒண்ணும் தூரமில்ல. நேர் ரோட்ட பைப் போடுதேன்னு நோண்டிப் போட்டுருக்கான், பத்துபஸ்தி வழியாச் சுத்தித்தான் போகணும். டைம் இருக்கு.

டாக்சிக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கீங்க. என் தங்கச்சி பெனிட்டா அங்கதான் இருக்கா சார், ஒரு ஸ்கூல் கேன்டீன்ல வேலை. அவ பேறுகாலத்துக்குத் தொணைக்குன்னு போன எங்கம்மா அங்கயே தங்கிட்டாங்க. செல்வம்மாள்னு பேரு. பொறவு இடுப்பெலும்பு முறிஞ்சு, நெனப்பும் தப்பிப் போச்சு. பெனிட்டா வேலைக்கும் போயி, பிள்ளைகளயும் பாத்து, அம்மாவயும் எப்படிப் பாப்பா? இல்லத்துல சேத்தா. அந்த ஏப்ரல்ல அம்மா போயிட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு.

அதுலருந்து எனக்கு இதே வேலைதான். அங்க விசாரணைக் கமிஷன் வச்சாங்கள்ல, யாரு என்ன சொன்னாங்கன்னு பக்கம் பக்கமா போட்டுருக்கான். பெனிட்டா அனுப்பி வைப்பா. நான் சவாரி இல்லாத நேரம் கப்பல் ஜெட்டிகிட்ட வண்டிய ஓரங்கட்டிட்டு, டிக்‌ஷனரிய மடியில வச்சுக்கிட்டு ஒரு வரி விடாம படிச்சேன். மேல இருக்கவன் கீழ இருக்கவனக் கை காட்டுதான், கீழ இருக்கவன் மேல இருக்கவனக் கை காட்டுதான், ரெண்டு பேரும் சேந்து முந்தின ஆட்சியக் காட்டுதாங்க. பட்டாளம் அந்த இல்லங்களுக்குள்ள போயிப் பாத்து, கரப்பான்பூச்சி ஓடுது, கிழங்கட்டைங்க தண்ணிக்குக் கத்துதுன்னு எழுதிக் குடுத்துச்சே, அதுக்குப் பொறவும் இதே கதைதான். நாங்க வருத்தப்படுதோம், நாங்க கத்துக்கிட்டோம். நாங்கன்னா எவன்? எந்த மனுஷன், எந்தத் தேதியில, எதுல கையெழுத்துப் போட்டான்? எனக்கு ஒரு பேர் வேணும் சார். ஒரே ஒரு பேர்.

ஹாங், உங்க முதல்வர் சொன்னாரு. பொறுப்பு என்னுதுதான்னு சொன்னாரு, நான் இல்லங்கல. சொல்லிட்டு என்ன பண்ணாங்க? அந்த வருஷம் முடியறதுக்குள்ள சட்டம் கொண்டு வந்தாங்க. சாதாரணக் கவனக்குறைவுன்னா இல்லத்து மேல கேஸ் நிக்காதாம், படுமோசமான கவனக்குறைவுன்னு நிரூபிக்கணுமாம். பொறுப்பு அவரோடதாம், நிரூபிக்கற பாடு என் தங்கச்சியோடதாம். அடுத்த தேர்தல்லயும் ஜெயிச்சிட்டாரு. உங்களத் தப்பா சொல்லல, நீங்க யாருக்குப் போட்டீங்களோ.

அந்தப் பேச்ச மட்டும் பேசாதீங்க சார், எனக்குக் கோவம் வந்துரும். அப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியல, எல்லாரும் பயந்துட்டாங்க, அப்படித்தான? சரி, பயந்தீங்க. பயந்து போயித் தப்பா முடிவெடுத்துட்டேன், அதுல இத்தன பேரு செத்தாங்கன்னு ஒருத்தர் நிமிந்து நின்னு சொல்லட்டுமே. காறித் துப்புவோம். துப்பிட்டு, மனுஷன்தானன்னு விட்டுருவோம்.

இங்கயா? இந்தத் தீவுல எங்களுக்கு ஆஸ்பத்திரின்னாலே வேற மாதிரி. பெரிய சீக்குன்னா மெயின்லேண்டுக்கு ரெஃபர் பண்ணிருவாங்க. அந்தச் சீட்டக் கையில வாங்கினாலே வீட்டுல அழுகை ஆரம்பிச்சுரும். எங்கப்பா கஸ்பார், தூத்துக்குடிலருந்து மீன்பிடிக்க வந்த ஆளு, அவரையும் அப்படித்தான் சென்னைக்கு அனுப்புனாங்க. கூட நான் போனேன். பதினோரு நாளு. தமிழ்தான் பேசுதாங்க, ஆனா தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது. என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலேன்னு கெஞ்சிக்கிட்டே போயிட்டாரு. பெட்டியில வச்சு இதே ஏர்போர்ட்டுலதான் கொண்டாந்து எறக்குனேன். அதுக்குப் பொறவு எங்க வீட்டுல ஒரு வைராக்கியம், இனிமே யாரையும் தூக்கிட்டுப் போக விடக் கூடாதுன்னு. டெய்ரி ஃபார்ம் ஏரியால எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, பாதி வீட்டுல இதத்தான் சொல்லுவாங்க.

அரே, இவன் ஒருத்தன், இண்டிகேட்டர் போடாம திரும்புதான் பாருங்க.

பெனிட்டாவா? அவ விடல சார். அம்மா சாகும்போது அவளே அதே கொரோனால வென்டிலேட்டர் குழாயோட கிடந்தா. முழிச்சுப் பாக்கா, அம்மாவப் பொதைச்சாச்சு. அன்னைலருந்து ஒரே கேள்விதான் கேக்கா. அம்மாவ ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல? யாரு வேண்டாம்னு சொன்னா? ஏன்னா அந்த இல்லத்துக்கு எதுத்தாப்புலதான் ஆஸ்பத்திரி. ரோட்டக் கடந்தாப் போதும். சட்டசபை வாசல்ல அம்மா படத்தக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பனியில நின்னுருக்கா. அவ புருஷன் சுரேந்திரன், தங்கமான மனுஷன், அவரே போதும் பெனிட்டா, பிள்ளைகளப் பாருன்னு சொல்லிப் பாத்துட்டாரு. கேக்கல.

போன மாசம் கோர்ட்டு மூலமா அம்மா ஃபைல் கைக்கு வந்துச்சு. அதுல ஒரு வரி இருக்காம். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம்னு குடும்பத்தார் போன்ல சொன்னாங்கன்னு. தேதி இருக்கு, மணி இருக்கு, யாருன்னு பேர் மட்டும் இல்ல. எனக்குப் போனப் போட்டுக் கத்துனா. பொய்யிண்ணே, தப்பிக்கதுக்குன்னு பின்னால எழுதிச் சேத்துருக்கானுங்கன்னா. அந்த வரி பொய்யின்னு ஆயிருச்சுன்னா கேஸ் நிக்கும்னு வக்கீலும் சொல்லிட்டாராம். அதுக்கு நானும் ஒரு சத்தியப் பத்திரம் குடுக்கணும், வீட்டுலருந்து யாரும் அப்படிச் சொல்லலன்னு. கையோட எடுத்துட்டு வாரா. இன்னிக்குத்தான் வாரா சார், சென்னை ஃப்ளைட்டுல. எப்படியும் ஏர்போர்ட் போகணும்லன்னுதான் உங்க சவாரியவே எடுத்தேன். நாளைக்குக் காலையில அம்மாவுக்குத் திருப்பலி, முடிச்சுட்டு நேரா நோட்டரிகிட்ட போகணுமாம்.

கையெழுத்துப் போட்டா என்னவா? ஒண்ணும் ஆகாது. அதான் பேர் இல்லையே.

இந்தா, ஏர்போர்ட் வந்தாச்சு. புறப்பாடு அந்த வாசல். கொஞ்சம் இருங்க, முன்னாடி உள்ள வண்டி நகரட்டும்.

இல்லத்துல குடுத்துருந்த நம்பர் ரெண்டு சார். ஒண்ணு பெனிட்டாவது. அவதான் குழாயோட கிடக்காளே. இன்னொண்ணு என்னுது.

இல்லத்துலருந்து போன் பண்ண பொண்ணு மரியாதையாத்தான் கேட்டா. இங்க ஊரடங்கு, நான் சிக்னலுக்காகக் கொல்லையில நின்னு பேசுனேன். உங்கம்மாவுக்கு மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பவா, இங்கயே வச்சுப் பாக்கவான்னா. தெளிவாத்தான் கேட்டா, எனக்கும் தெளிவாப் புரிஞ்சுச்சு. ஆனா எனக்கு எங்கப்பா கெஞ்சுன மூஞ்சிதான் முன்னால வந்து நின்னுச்சு. தூக்கிட்டுப் போகாதம்மா, தெரிஞ்ச முகத்துக்கு நடுவுல இருக்கட்டும்னேன். தெரிஞ்ச முகம் எங்க இருந்துச்சு அங்க? வேலைக்காரங்க பாதிப் பேரு வரலன்னு அவ சொல்லல. ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம்னும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல. ரெண்டு நிமிஷம் கூட இருக்காது அந்தப் போன்.

பெனிட்டா முழிச்சதும் மொத மொத என்கிட்டதான் கேட்டா. ஏண்ணே அம்மாவ அனுப்பலன்னு. தெரியலயேம்மான்னு சொல்லிட்டேன். இல்லத்து மேலயும் தப்பு இருக்கு சார், அந்தச் சட்டம் போட்டவங்க மேலயும் இருக்கு, அதுல நான் ஒரு வார்த்த மாத்த மாட்டேன். ஆனா அவ பனியில நின்னு கேட்டது வேற.

பாருங்க, எறங்குது. அதுதான் அவ ஃப்ளைட்.

எதுக்கு உங்ககிட்டப் போயிச் சொன்னேனா? கோச்சுக்காதீங்க சார். ஆறு வருஷத்துல இதச் சத்தமாச் சொன்னதே இல்ல. அவகிட்டச் சொல்லதுக்கு முந்தி, வாயிலருந்து வருதான்னு ஒருதடவ பாத்துக்கிட்டேன்.

நீங்க எறங்குங்க. பெட்டிய நான் எடுத்துத் தாரேன்.