கூட்டிப் பெருக்கிய கொட்டகையில் சேதம் கண்டவருக்கு

இன்று மாலை ஐந்தே முக்கால் மணிக்கு உங்கள் பணிக்காலம் நிறைவடைகிறது, பெருமதிப்பிற்குரிய திரு. சேனாதிபதி அவர்களே!

முப்பத்திரண்டு மழைக்காலம் மலையேறி, இடிந்த சுவரையும் பறந்த கூரையும் இருந்தது இருந்தபடி எழுதிய எங்கள் பழனிக் காப்பீட்டுக் கிளையின் சேத மதிப்பீட்டாளரே! அளவு நாடாவின் அண்ணலே! இன்னும் அடுக்கலாம். நீங்கள் அளந்து பார்ப்பீர்கள் என்பதால் இத்துடன் நிறுத்துகிறோம்.

காப்பீடு கேட்பவர்கள் உங்களைக் கண்டதும் அஞ்சுவார்கள். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பீர்கள். நம்மை நம்பவில்லை என்று அவர்கள் முகம் வாடும். மூன்றாம் முறை கேட்கும்போதுதான், அவர்களே மறந்துபோன ஒரு சன்னல் நினைவுக்கு வரும். அதையும் பட்டியலில் சேர்ப்பீர்கள். தருவதும் மறுப்பதும் உங்கள் கையில் இல்லை. கண்டதைச் சொல்வதே உங்கள் வேலை. இதை ஒவ்வொரு வாசலிலும் சலிக்காமல் சொன்னீர்கள்.

பேத்துப்பாறை அழகம்மாளின் பூண்டுக் கொட்டகையை இந்த அவையில் சொல்லாமல் இருக்க முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகை. காற்றில் கொட்டகையின் கூரைத் தகரம் பதினான்கும் பறந்து போயின. அடுத்த நடவுக்கு வைத்திருந்த விதைப்பூண்டு வீட்டுத் தரையில் குவிந்து கிடந்தது. அடுத்த மழைக்குள் கூரை ஏறாவிட்டால் விதை அழுகும், நடவு இல்லை. வியாழக்கிழமை அதிகாரி வருவார் என்று நாங்கள் தொலைபேசியில் சொன்னோம். தவறு அங்கேதான் நடந்தது.

படம் எடுக்க உங்களுடன் வந்த நம் ரம்யா சொன்னதை அப்படியே தருகிறோம். கொட்டகையில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. தரை மெழுகியிருந்தது. வாசலில் கோலம். ஒடிந்த கூரை மரங்கள் விறகாக அடுக்கப்பட்டிருந்தன. கூரை இருந்ததற்கே அடையாளம் இல்லை.

“சேதம் எங்கம்மா?” என்றீர்கள்.

“நேத்தே ஒதுங்க வச்சிட்டோங்க. ஆபீசர் வார வீடு அலங்கோலமா கெடந்தா நல்லாவா இருக்கும்?” என்றார் அழகம்மாள், பெருமையாக.

“பாவம் சார். எழுதிடலாமே” என்று ரம்யா மெல்லச் சொன்னார்.

“பாக்காதத எழுதினா, நாளைக்கு நாம பாத்தத எழுதினாலும் நம்ப மாட்டாங்கம்மா.”

வேறொருவர் அத்தோடு திரும்பியிருப்பார். நீங்கள் பதினான்கு தகரமும் எங்கே போயின என்று கேட்டீர்கள். தெருவில் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றார் அழகம்மாள். நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினீர்கள்.

முதல் தகரம் பக்கத்து வீட்டு ராக்காயியின் கோழிக்கூண்டு மேல் இருந்தது. அவர் கையை விரித்து மறித்தார்.

“யாருங்க அது, கூண்டுல கைய வைக்கிறது? அழகம்மா குடுத்த தகரங்க. நான் ஒண்ணும் களவாங்கல!”

“தகரமும் உங்களுக்கே, கோழியும் உங்களுக்கே. அளந்துட்டுப் போயிடுறேன்.”

“அளக்குறதுதான் அளக்குறீக, கோழியவும் சேத்து அளந்து எழுதிப் போடுங்க. இன்சூரன்சு வரட்டும்!”

தெருவே சிரித்தது என்கிறார் ரம்யா. நீங்கள் சிரிக்காமல் தகரத்தைப் புரட்டினீர்கள். ஆணித் துளைகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கிழிந்திருந்தன. ஆள் கழற்றினால் துளை கிழியாது. காற்று பிடுங்கினால்தான் அப்படிக் கிழியும். ஆட்டுக் கொட்டில், குளியலறைக் கதவு, விறகு மூடி என்று வீடு வீடாகப் போனீர்கள். ஒவ்வொரு தகரத்தையும் படம் எடுக்கச் சொன்னீர்கள். பதினொன்று கிடைத்தன. பதினொன்று என்றே எழுதினீர்கள். மற்ற மூன்றுக்காக அழகம்மாள் உங்களிடம் வாதாடவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு போன தன் கொழுந்தனிடம் வாதாடினார்.

காப்பீட்டுப் பணம் வந்து, அடுத்த மழைக்கு முன்பே கூரை ஏறியது. பூண்டு உத்தரத்தில் தொங்கியது. அந்த ஆண்டு நடவு நடந்தது.

ஐயா! அதற்குப் பிறகு இந்தக் கிளையில் சேதம் என்று யார் அழைத்தாலும், பெயர் கேட்கும் முன் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: கூட்டாதீர்கள். முதலில் படம் எடுங்கள். உடைந்ததை யாருக்கும் கொடுக்காதீர்கள். மழை உள்ளே வந்தால் தார்ப்பாய் கட்டுங்கள். அதன் ரசீதை வையுங்கள். மதிப்பீட்டாளர் கேட்பதற்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இதெல்லாம் உங்களிடம் கற்றது.

உங்கள் அறிக்கையில் மிகையும் இல்லை, குறையும் இல்லை. கோபம் உண்டு; அது எங்கள் கையெழுத்தின் மீது மட்டும்.

முழங்கால் நோகாமல், மூச்சு வாங்காமல், நாடாவும் நோட்டும் இல்லாத வெறுங்கையோடு இந்த மலைகளில் நீங்கள் நெடுங்காலம் நடந்து மகிழ வேண்டும் என்று விழைகிறோம்.

அன்பில் அளவு பார்க்காத
கிளை ஊழியர்கள்
பழனி

பின்குறிப்பு: மடலைச் சட்டம் போடக் கொடுக்கும் முன் அழகம்மாள் அழைத்தார். விழாவுக்கு வர முடியவில்லையாம், பூண்டு பிடுங்குகிறார்கள். உங்களிடம் கேட்கச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்.

“எங்கூட்டுக்கு ஏதாச்சும் விழுந்தப்பதான் வந்தீக. ஒண்ணும் விழாத நாளாப் பாத்து ஒருக்கா சோறுண்ண வாங்க சார். என்னைக்கு வாரீக?”